சோளக்காட்டில் விழுந்த றெக்கை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில், ‘வளர்மதி தகவல் நிலையம்’ என்று ஒரு போர்டு உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் பஸ் நேரம் கேட்க ஏறி வருகிறவர்கள்தான் அதிகம். தமிழழகன் அவர்களையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பன்னிரண்டு வருடம் மினி பஸ் கண்டக்டராக இருந்தவன். துறையூர் பஸ் எத்தனை மணிக்கு என்பதோடு, அதில் எந்த சீட்டில் ஸ்பிரிங் குத்தும் என்பதையும் சேர்த்தே சொல்லுவான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தபோதும் அவன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

“துறையூரா, அரியலூரா?”

“துப்பறியணும்” என்றாள் அவள்.

“அப்ப உக்காருங்க. அதுக்கு இங்கயே டிக்கெட்.”

வளர்மதி கையில் இருந்த மாப்பிள்ளை விசாரணை ஃபைலை மூடினாள். ஐம்பது வயது. மூக்கின் நுனியில் கண்ணாடி. துப்பறிகிறவர் என்று நெற்றியில் எழுதி ஒட்டினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த முகம்தான் அவளுடைய மூலதனம்.

“நீங்க வெற்றிச்செல்விதானே? நேத்து பூராவும் டி.வி.ல உங்க போட்டோ ஓடிக்கிட்டிருந்துச்சு.”

அந்தப் பெண் தலையசைத்தாள். சொந்த ஊர் குன்னம். திருச்சி விமான நிலையத்தில், மயூரா ஏர் கம்பெனியில் விமானப் பராமரிப்பு வேலை. விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. நேற்று, வியாழக்கிழமை காலை, அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சிங்கப்பூர் விமானம் இருபதாவது நிமிடம் திரும்பி வந்துவிட்டது.

“சரக்கு அறைக் கதவு மூடலைன்னு ஒரு விளக்கு எரிஞ்சிருக்கு. கதவு மூடித்தான் இருந்துச்சு. விளக்குதான் பொய் சொல்லிச்சு.”

“விளக்கையும் டி.வி.யையும் ஒரே கம்பெனிக்காரன் பண்ணிருப்பான்” என்றான் தமிழழகன்.

அவள் சிரிக்கவில்லை. விமானம் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அதே நேரத்தில் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டில் ஏழடி நீளத்துக்கு ஒரு தகடு கிடந்தது. நீலமும் வெள்ளையுமாக மயூரா ஏரின் நிறம். மயூரா ஏரின் மயில் படம். ‘சுடர் 24’ சேனல் இரண்டையும் முடிச்சுப் போட்டது. *நடுவானில் உடைந்த இறக்கை! சோளக்காட்டில் விழுந்தது! கையெழுத்திட்ட பெண் யார்?*

“விமானத்துக்கு இறக்கை ரெண்டும் இருக்குமே? கம்பெனிக்கு எண்ணத் தெரியாதா?” என்று கேட்டாள் வளர்மதி.

“ரெண்டும் முழுசா இருக்குன்னு கம்பெனிக்குத் தெரியும் மேடம். ஆனா, நம்ம மயில் போட்ட தகடு அங்க எப்படிப் போச்சுன்னு கேட்டா அவங்களுக்குப் பதில் தெரியல. டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் கேன்சல் பண்றாங்க. இப்போதைக்கு வேலைக்கு வரவேணாம்னு எனக்கு நேத்தே கடிதம் குடுத்துட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு அறிக்கை விடப்போறாங்க. பதில் கிடைச்சா பதிலைச் சொல்லுவாங்க. கிடைக்கலேன்னா ‘சம்பந்தப்பட்ட ஊழியரை நீக்கிட்டோம்’னு சொல்லுவாங்க. அது சுலபம். ஒருதடவை அப்படி நீக்கிட்டாங்கன்னா வேற எந்தக் கம்பெனியும் என்னை விமானத்துக்குப் பக்கத்துல விடமாட்டான்.”

“அந்தத் தகட்டை நீங்க பாத்தீங்களா?”

“டி.வி.ல பாத்தேன். அது விமானத் தகடே இல்ல. ஆணி அடிச்சிருக்கிற விதமே வேற. ஆனா நான் சொன்னா யாரு கேப்பா? மாட்டிக்கிட்டவ வேற என்ன சொல்லுவாம்பாங்க.”

வளர்மதி எழுந்து கைப்பையை எடுத்தாள். அக்கா ஒரு வழக்கை ஒப்புக்கொள்வதற்கு முன் குறைந்தது மூன்று கேள்வியாவது கூடுதலாகக் கேட்பாள் என்பது தமிழழகனுக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்கவில்லை. ஏன் என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் அவன் கார் சாவியை எடுத்தான்.

*

குன்னம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில், வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள் அந்தத் தகட்டை. சுற்றிலும் கூட்டம். வெற்றிச்செல்வி காரிலேயே இருந்துகொண்டாள். நடுவில் சுடர் 24 சேனலின் நிருபர் அறிவரசன், இஸ்திரி கலையாத சட்டையில், ஒரு கையில் மைக்கைப் பிடித்து, மறு கையைத் தகட்டின் மேல் மூலையில் ஊன்றிக்கொண்டு, கேமராவைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தான்.

“ஓரத்தில் வரிசையாகத் துளைகள்! இவை தோட்டா துளைத்ததா? அல்லது பறவை மோதியதா?”

“அளவெடுத்து சாண் சாணா மோதுற பறவை எது?” என்று தமிழழகன் உரக்கக் கேட்டான். கூட்டம் சிரித்தது. அறிவரசன் கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டு முறைத்தான்.

“யாருங்க நீங்க?”

“தகவல் நிலையம்.”

“தகவல் வேணும்னா டி.வி. பாருங்க.”

“தகவல் வேணும்னுதாங்க டி.வி.யை ஆஃப் பண்ணிட்டு வந்தோம்.”

காவலுக்கு நின்ற ஏட்டுக்கு வளர்மதியைத் தெரியும். அவருடைய மருமகனைக் கல்யாணத்துக்கு முன் விசாரித்துக் கொடுத்தவளே அவள்தான். “தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, அம்மா பாக்கட்டும்” என்று அறிவரசனை விலக்கினார். அவன் மூலையிலிருந்து கையை எடுக்க மனசில்லாமல் எடுத்தான்.

வளர்மதி குனிந்து பார்த்தாள். வெற்றிச்செல்வி சொன்னது சரி. தகட்டை ஓரம் விடாமல் தடவிப் பார்த்தாள். ஒரு துளைக்குள் பச்சை நிற ஒயர் நுனி ஒரு நூலளவு நீட்டிக்கொண்டிருந்தது. தகட்டின் மடிப்பில் பளபளப்பாக இரண்டு மூன்று கலர் காகிதத் துணுக்குகள். மேல் மூலையில், பாதி அழிந்து, சந்தனமும் அதன் நடுவே குங்குமமும்.

“விமானத்துக்கும் ஆயுத பூஜை போடுவாங்களாக்கா?”

“போட்டாலும் தைமாசத்துல போடமாட்டாங்க அழகு. இந்த மயிலைப் பாரு.”

தமிழழகன் பார்த்தான். மயூரா ஏரின் மயில் நாலு கோட்டில் முடிந்துவிடும். நகர வாழ்க்கைக்குப் பழகிய மயில். இந்த மயிலுக்கோ கண்ணில் மை, இமையில் முடி, கழுத்தில் முத்து மாலை.

“இதை நான் எங்கயோ பாத்திருக்கேன்க்கா.”

“தினம் பாக்குறே. நமக்கு முன்னாடி போற சிமென்ட் லாரி பின்கதவுல.”

*

சிமென்ட் லாரிக்கு மயில் வரைகிறவர்கள் அரியலூரில் நாலைந்து பேர் இருப்பார்கள். மயிலுக்கு முத்து மாலை போடுகிறவர் ஒருவர்தான் என்று பாடி கட்டும் பட்டறைகளில் முதலாவதிலேயே சொல்லிவிட்டார்கள். பெயர் கிருஷ்ணமூர்த்தி. ஜெயங்கொண்டம் ரோட்டில், தகரக் கொட்டகைக்கு அடியில், ஒரு டிப்பர் லாரிக்குக் கண் வரைந்துகொண்டிருந்தார். வெற்றிச்செல்வி செல்போனில் படத்தைக் காட்டியதும் தூரிகையைக் கீழே வைத்தார்.

“நம்ம மயில்தான். எங்க கிடந்துச்சு?”

“நீங்க டி.வி. பாக்குறதில்லையா?”

“பெயிண்ட் வாசத்துல தலைவலி. இதுல டி.வி. வேறயா?”

அவர் சொன்னது இதுதான். இளையபெருமாள் என்று ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தங்கை மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். ஒருத்தன் குதிரை வண்டியில் போனான், ஒருத்தன் இருபது மாட்டு வண்டியில் போனான். நான் விமானத்தில் போகிறேன் என்று இளையபெருமாள் முடிவு செய்துவிட்டார். டிராக்டர் டிரெய்லரைச் சுற்றி விமானம் கட்டச் சொன்னார். தான் வந்து இறங்கிய மயூரா விமானம் மாதிரியே இருக்க வேண்டும் என்றார்.

“தட்டு வரிசையெல்லாம் உள்ள. றெக்கை ரெண்டு பக்கமும் சீரியல் பல்பு. முன்னால பேண்டு, பேப்பர் வெடி. புதன்கிழமை சாயங்காலம் இங்கேருந்துதான் கிளம்புச்சு. மூலையில சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நான்தான் அனுப்பி வெச்சேன்.”

வெற்றிச்செல்வி ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அவருக்குப் போன் போடுங்கண்ணே” என்றாள் வளர்மதி. “ஸ்பீக்கர்ல.”

இளையபெருமாள் நாலாவது ரிங்கில் எடுத்தார். கிருஷ்ணமூர்த்தி விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் தாழ்ந்தது.

“அண்ணே, வெளில சொல்லிராதீங்க. ஊருக்கு மூணு கிலோமீட்டர் இருக்கையில ஒரு புளியமரத்துல இடிச்சு ஒரு றெக்கை ஒடிஞ்சு போச்சு. காட்டுல தூக்கிப் போட்டுட்டு, ஒத்தை றெக்கையோட போய் எறங்குனேன். கேட்டவங்ககிட்ட புது மாடல்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“அதனால ஒரு பொண்ணுக்கு வேலை போவுது தம்பி.”

“எனக்குத் தெரியாதாண்ணே? ராத்திரியெல்லாம் டி.வி. முன்னாடிதான் உக்காந்திருந்தேன். ஆனா சீர் பாதி வழியில ஒடிஞ்சுதுன்னு தெரிஞ்சா, என் தங்கச்சி கண்ணகியை அவ மாமியா வூட்டுல ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் றெக்கையைத்தான் சொல்லுவாங்க. அது நெச விமானத்துலேருந்து விழுந்ததாவே இருந்துட்டுப் போவட்டும். கம்பெனிக்காரனுக்கு எத்தனையோ றெக்கை.”

போன் அணைந்தது. மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

“நான் வந்து சொல்றேன்மா” என்றார் கிருஷ்ணமூர்த்தி. “டி.வி.ல வருமா? வரும்னா சலூனுக்குப் போயிட்டு வந்துர்றேன்.”

“போட்டோ ஏதும் எடுத்தீங்களாண்ணே?”

“எங்கம்மா? கை பூரா பெயிண்ட்டு.”

மணி ஒன்று. எதிரே இருந்த ஓட்டலில் மூன்று சாப்பாடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். வெற்றிச்செல்வி சோற்றைத் தொடவில்லை.

“பெயிண்டர் சொன்னா போதாதாக்கா?” என்று கேட்டான் தமிழழகன்.

“நேத்திலேருந்து லட்சம் பேரு டி.வி.யைப் பாத்திருக்காங்க. பெயிண்டர் சொன்னதைக் கம்பெனி கேக்கும். ஆனா அறிக்கையில போடாது. டி.வி. சொன்ன பொய்யை டி.வி.யேதான் எடுக்கணும். நேத்திலேருந்து அவங்க போட்டதையெல்லாம் உன் போன்ல ஒவ்வொண்ணா ஓட்டு.”

ஏழு வீடியோ இருந்தன. ரசத்துக்கு முன் நாலு, ரசத்துக்குப் பின் மூன்று. எல்லாவற்றிலும் அறிவரசன் அதே மிடுக்கு. காட்டில் நிற்கும்போதும், ஸ்டேஷன் வாசலிலும், ஒரு கை தகட்டின் மூலையில்.

“ஸ்டைலா நிக்கிறதா நெனப்பு அவனுக்கு” என்றான் தமிழழகன்.

“ஒரு வீடியோவுல ஸ்டைல். ஏழுலயுமா? தகட்டுக்கு நாலு மூலை இருக்கு அழகு. ஒரே மூலையிலதான் ஊனுறான். அங்க என்ன இருக்கு?”

தமிழழகன் கையிலிருந்த அப்பளம் நழுவியது.

“குங்குமம்!”

“விமானத்து றெக்கைன்னு நம்புறவனா இருந்தா, குங்குமத்தைப் பாத்ததும் அதையே ஒரு செய்தியாக்கி அரை மணி நேரம் கத்தியிருப்பான். இவன் மறைக்கிறான். அப்ப இது எங்கேருந்து வந்துச்சுன்னு இவனுக்குத் தெரியும்.”

“காசு வாங்கிட்டு மறைக்கிறானோ?”

“போய்க் கேப்போம். சாப்புடும்மா செல்வி. வெறும் வயித்தோட போனா குரல் வராது.”

*

அறிவரசன் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் தனியாக இருந்தான். வளர்மதி பக்கத்தில் உட்கார்ந்து, எந்த முன்னுரையும் இல்லாமல், “புதன்கிழமை மாமன் சீர்ல சாப்பாடு எப்படி தம்பி?” என்றாள்.

அவன் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

மறுப்பான், கத்துவான், வக்கீல் பேரைச் சொல்லுவான் என்று தமிழழகன் மூன்று பதில் தயார் பண்ணி வைத்திருந்தான். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அறிவரசன் செல்போனை எடுத்து, வெற்றிச்செல்வியை நிமிர்ந்து பார்க்காமல், ஒரு குரல் பதிவை ஓட்டினான். வியாழன் காலை பத்து பன்னிரண்டுக்குச் சேனல் ஆபீசுக்கு அனுப்பியது. அவனுடைய குரல்தான். சிரிப்பு வேறு.

*“சார், ரெண்டு போட்டோ அனுப்பிருக்கேன். மாமன் சீர்ல வந்த டிராக்டர் விமானத்தோட றெக்கை சார் இது. ஒடிஞ்சு சோளக்காட்டுல கிடக்கு. சாயங்காலம் ‘சிரிப்பு வருது’ நிகழ்ச்சிக்கு வெச்சிக்கலாம் சார்.”*

“போட்டோ போன அதே நேரத்துல திருச்சி விமானம் திரும்புதுன்னு தகவல் போயிருக்கு” என்றான் அறிவரசன். “அவங்க போட்டோவைப் பாத்தாங்க. வாய்ஸைக் கேக்கல. எப்பவுமே கேக்கமாட்டாங்க, ஆளு அனுப்புற போட்டோவைப் போட்டுட்டு அவங்களா எழுதிக்குவாங்க. பத்தாவது நிமிஷம் போன் வந்துச்சு. ‘அறிவரசன், நீங்க லைவ்ல வரீங்க’ன்னு.”

“நீங்க சொல்லலையா?” வெற்றிச்செல்வி முதல்முறையாக அவனிடம் பேசினாள்.

“‘சார், அது வந்து...’ன்னு ஆரம்பிச்சேங்க. ‘மூணு, ரெண்டு, ஒண்ணு’ன்னுட்டாங்க. எட்டு வருசமா இந்த ஜில்லாவுல வெங்காய விலையும் நாய்க்கடியும் அனுப்பிக்கிட்டிருக்கேன். ஒருநாளும் என்னை லைவ்ல கூப்புட்டதில்ல. எங்கம்மா தெருவையே கூட்டி வெச்சு டி.வி. பாத்துச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? சொன்னா வேலை போயிடும்.”

“யாருக்கு?” என்றாள் வெற்றிச்செல்வி.

வளர்மதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“எங்க வூட்டுக்காரரு அய்யம்பெருமாள். லாரி ஓட்டுனாரு. ஏழு வருசத்துக்கு முன்னாடி இதே ரோட்டுல, மாடு குறுக்க வந்துச்சுன்னு வண்டியை ஒடிச்சதுல போயிட்டாரு. மறுநாள் பேப்பர்ல ரெண்டு வரி. ‘போதையில் லாரி ஓட்டிய டிரைவர் பலி.’ அவரு காபியே அரை டம்ளருக்கு மேல குடிக்கமாட்டாரு. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்துச்சு. குடிக்கலைன்னு இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுனேன். அங்க இருந்தவரு நல்ல மனுசன்தான். நாற்காலி போட்டு உக்கார வெச்சாரு. ‘அது பழைய செய்தி ஆயிடுச்சேம்மா’ன்னாரு.”

டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார். தமிழழகன் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது இன்னும் பழசாகல தம்பி” என்றாள் வளர்மதி. “மணி ரெண்டே முக்கால்தான் ஆவுது.”

அறிவரசன் சட்டையில் கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போன் போட்டான்.

“சார், றெக்கை விஷயத்துல புது ஆதாரம். உடனே லைவ் குடுங்க.”

கொடுக்காமல் இருப்பார்களா? மூன்று ஐந்துக்கு அறிவரசன் வேப்பமரத்தடியில் நின்றான். கை மூலையில் இல்லை. குங்குமம் திரை முழுக்கத் தெரிந்தது. புதன்கிழமை சீர், டிராக்டர், சீரியல் பல்பு, வளர்மதி சொல்லித் தெரிந்த புளியமரம் என்று மூச்சுவிடாமல் சொன்னான். இளையபெருமாள் பெயரை மட்டும் சொல்லவில்லை. ‘ஒரு தாய்மாமன்’ என்றான்.

சென்னையில் இருந்த தொகுப்பாளினி மிரண்டு போனாள்.

“அதாவது அறிவரசன், காதணி விழாவுக்குச் சென்ற விமானம் புளியமரத்தில் மோதியது என்கிறீர்களா? பயணிகளின் நிலை என்ன?”

டீக்கடை டி.வி.யில் அடியில் ஓடிய வரி மாறியது. *அதிர்ச்சி! மரத்தில் மோதிய மாமன் சீர் விமானம்!*

“பயணிகள் எல்லாம் தேங்காய், வாழைப்பழம்தாங்க!” என்று தமிழழகன் டி.வி.யைப் பார்த்துக் கத்தினான்.

அறிவரசன் வேறு வழியில்லாமல் செல்போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் குரல் பதிவை ஓட்டினான். *‘மாமன் சீர்ல வந்த டிராக்டர் விமானத்தோட றெக்கை சார் இது...’* கிட்டத்தட்ட முழுசாக ஓடியது. ‘சிரிப்பு வருது’ என்ற இடத்தில் திரையில் பல்பொடி விளம்பரம் வந்தது.

அவன் மைக்கை இறக்கினான். “கட் பண்ணிட்டாங்க. லைவ்வையா வேலையையான்னு தெரியல.”

“பல்பொடி முடியட்டும், தெரியும்” என்றான் தமிழழகன். சொல்லிவிட்டு, தன் டீயை அவனிடம் நீட்டினான்.

மூன்றரைக்குள் அந்த நாற்பது நொடித் துண்டு குன்னத்திலிருந்து சிங்கப்பூர் வரை ஆளாளுக்குப் போய்விட்டது. ஏட்டு தகட்டை வேப்பமரத்திலிருந்து எடுத்து, ஸ்டேஷன் கொல்லையில் பழைய சைக்கிள்களோடு போடச் சொன்னார்.

நாலு மணி ஆயிற்று. நாலு ஐந்து. நாலு பத்துக்கு வெற்றிச்செல்வியின் போன் அடித்தது. கம்பெனி மேலதிகாரி. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“வெற்றிச்செல்வி, பாத்தோம். நல்ல வேளை. அறிக்கையை நிறுத்திட்டோம். ஏழு மணி விமானத்துக்கு ஆளில்ல, நீங்க கிளம்பி வந்துடுங்க.”

தமிழழகன் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். வெற்றிச்செல்வி எழுந்திருக்கவில்லை.

“சார், நேத்து என்னை வேலைக்கு வரவேணாம்னு சொன்ன கடிதம்?”

“அதெல்லாம் இல்லேன்னு வெச்சுக்குங்க. நான்தான் சொல்றேனே.”

“வெச்சுக்க முடியாது சார். கதவு மூடிருக்குன்னு வாயால சொன்னா நாம விமானத்தை விடுறோமா? பாத்து, எழுதி, பேரு போட்டு, நேரம் போட்டாத்தானே விடுறோம். என் மேல தப்பில்லைன்னு எழுதி, உங்க கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அது வந்ததும் கிளம்புறேன்.”

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. “ஏழு மணி விமானம் நிக்குதும்மா...”

“நிக்கட்டும் சார்” என்றாள் வெற்றிச்செல்வி, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தபடி. “கையெழுத்து இல்லாம எதுவும் கிளம்பக் கூடாது.”